கையெழுத்தை நம்பிக் குதிரை வாங்காதீர்கள்

19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு வெண்கலக் குதிரை ஒன்று ஏலத்துக்கு வந்தால், பலரும் முதலில் தேடுவது பீடத்தில் இருக்கும் கையெழுத்தைத்தான். விலங்குச் சிற்பி பியேர்-ஜூல் மேன் பெயர் தெரிந்துவிட்டால் போதும், விலை பேச ஆரம்பித்துவிடுவார்கள். சறுக்குவது அங்கேதான். கையெழுத்து மூல மாதிரியிலேயே இருக்கும். அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு வார்ப்பிலும் அதுவும் சேர்ந்தே வரும். மேன் 1879இல் இறந்த பிறகு மருமகன் ஒகுஸ்த் கேன் அதே மாதிரிகளை வார்த்தார். அவருக்கும் பிறகு சூஸ் என்ற வார்ப்பு நிறுவனம் வார்த்தது. இன்னொரு விலங்குச் சிற்பி அந்த்வான்-லூயி பாரி 1848இல் திவாலாகி, அவருடைய மாதிரிகள் கடன் கொடுத்தவர் கைக்குப் போயின. 1875இல் அவர் இறந்ததும் பெரும்பகுதியை பார்பெதியென் பட்டறை வாங்கி வார்த்து விற்றது. இவை எதுவும் போலி இல்லை. ஆனால் சிற்பியே உளி பிடித்து முடித்த வார்ப்புக்குத் தரும் விலையை இவற்றுக்குத் தரக்கூடாது.

சுவாமிமலைச் சிலையை மனதில் வைத்துக்கொண்டு “ஒன்றுதானே செய்திருப்பார்கள்” என்று நினைப்பதும் தவறு. அங்கே ஒவ்வொரு சிலைக்கும் மெழுகு மாதிரியை உருக்கி, அச்சையும் உடைக்க வேண்டும். பாரிஸ் பட்டறைகள் பெரும்பாலும் ஒரே மூல மாதிரியை மணலில் திரும்பத் திரும்பப் பதித்து, துண்டு துண்டாக வார்த்துப் பொருத்தின. விற்கிற வரைக்கும் வார்த்தன. அதனால் எத்தனையாவது வார்ப்பு என்ற வரிசை எண் இல்லையே என்றும் பயப்பட வேண்டாம், அக்காலத்தில் பெரும்பாலானவற்றுக்கு எண் கிடையாது.

உண்மையான ஆபத்து, வார்ப்பிலிருந்தே அச்செடுத்து வார்த்த நகல். வெண்கலம் ஆறும்போது சுருங்கும். 30 சென்டிமீட்டர் குதிரை ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் குறைந்துவிடும். அருங்காட்சியகப் பட்டியலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஆனால் ஒரே குதிரையைச் சிற்பிகளே இரண்டு மூன்று அளவில் விற்றதும் உண்டு என்பதால், டேப்பை மட்டும் நம்பவும் முடியாது. மூக்குத் துளை, பிடரி மயிர், முன்னங்கால் நரம்பு, குதிரைவீரனின் விரல் ஆகியவற்றைப் பாருங்கள். நல்ல வார்ப்பில் கடிவாள வார் தனியாக எழுந்து நிற்கும்; நகலில் எல்லாம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. காசு கொடுத்து வாங்குவதைத் தாராளமாகக் கவிழ்த்துப் பார்க்கலாம். பீடத்தின் அடியில் பிலிப்ஸ் திருகாணி இருந்தால் அது 1930களுக்கு முன் போட்டதாக இருக்க முடியாது. சுரண்டுபட்ட இடம் பொன்னிறமாக இல்லாமல் சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால், அது வெண்கல நிறம் பூசிய துத்தநாகக் கலவை.

பாய்ந்தோடும் குதிரை நாலு காலையும் முன்னும் பின்னும் நீட்டியிருந்தால் “சிற்பிக்குக் குதிரை தெரியவில்லை” என்று ஒதுக்கிவிடாதீர்கள். புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் 1878இல் ஓடும் குதிரையைப் படமெடுத்துக் காட்டும்வரை பெரும்பாலானோர் அப்படித்தான் நம்பினார்கள்.

அப்புறம், வாங்கி வந்ததும் பித்தளைக் குத்துவிளக்கு போலப் புளி போட்டுத் தேய்ப்பதும் தவறு. அந்தக் கரும்பச்சையும் பழுப்பும் அழுக்கு அல்ல. அமிலமும் சூடும் கொடுத்துப் பட்டறையில் ஏற்றிய நிறம். மெல்லிய துணியால் தூசி தட்டினாலே போதும்.