காலைல ஒரு பக்கமா மண்டி போட்டு நின்ன கார்

செகண்ட் ஹேண்ட்ல வாங்குன எஸ்யூவி, ஏர் சஸ்பென்ஷன் வெச்சது, அதாவது ஸ்பிரிங்குக்கு பதிலா காத்து அடைச்ச ரப்பர் பை வண்டிய தாங்கும். நைட்டு நேரா நிறுத்திட்டு போனா காலைல முன்னாடி இடது மூலை மட்டும் யானை மண்டி போட்ட மாதிரி இறங்கி கிடக்கும், ஸ்டார்ட் பண்ணா அந்த பைக்கு காத்தடிக்கிற கம்ப்ரஸர் கர்ர்ருனு ரொம்ப நேரம் ஓடி தூக்கி விட்டுடும், அதனால ஒரு மாசம் நானும் கண்டுக்கல. மெக்கானிக் கம்ப்ரஸரே போச்சு சார்னுட்டாரு. போயிருந்தா எப்படிங்க தூக்கும்?

டேப் எடுத்து வீல் நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அளந்து எழுதி வெச்சேன். காலைல பாத்தா மூணு வீல் அப்படியே இருக்கு, அந்த ஒண்ணு மட்டும் 6 செ.மீ. கம்மி. ஒரு மூலை மட்டும் இறங்குனா காத்து கசியுறது பெரும்பாலும் அந்த மூலையோட ஏர் பேக் (அந்த ரப்பர் பை தான்), இல்ல அதுக்கு போற பைப், இல்லன்னா ஒவ்வொரு பைக்கும் காத்தை பிரிச்சு விடுற வால்வ் பிளாக்.

பாத்திரம் கழுவுற லிக்விட்ட தண்ணில கலந்து ஸ்ப்ரே பாட்டில்ல அந்த மூலைல அடிச்சேன், காத்து கசியுற இடத்துல நுரை வரும். ரப்பர் மடிப்புல ஒண்ணும் இல்ல. மேல பைப் சொருகுற இடத்துல கடுகு சைஸ்ல நுரை, வெடிச்சு வெடிச்சு திரும்ப வருது!

காத்தை முழுசா இறக்கிட்டு தான் கழட்டணும், வண்டிய ஸ்டாண்டுல நிறுத்தாம அடியில தலைய விட்றாதீங்க, சட்டுனு உக்காந்துரும். பைப் நுனில கீறல். பிளேடால 1 செ.மீ. நேரா வெட்டிட்டு புது ஃபிட்டிங் போட்டேன். லீக்க ஈடுகட்ட ஓடி ஓடியே கம்ப்ரஸர் சூடாகி சாகும், நல்லவேளை என்னோடது தப்பிச்சுது.

நாலு நாள் நிறுத்தி வெச்சு அளந்துட்டேன், அளவு மாறல.