துருப்பிடித்த கார்ச் சட்டத்தை வெட்டிச் சீரமைக்கும் முறை

பழைய காரின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீளச் சட்டங்கள்தாம் எஞ்சின், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பயணிகள் என அனைத்தின் எடையையும் தாங்குகின்றன. கதவிலோ மட்கார்டிலோ துரு ஏறினால் வண்டியின் தோற்றம் மட்டுமே கெடும். சட்டத்தில் ஏறினால் ஸ்பிரிங் தாங்கி ஓட்டத்திலேயே பிய்ந்து வரலாம். ஸ்டீயரிங் பெட்டி தன் இடத்தில் ஆட்டம் காணலாம். மோதல் நேர்ந்தால் பயணிகள் அமர்ந்திருக்கும் கூடு தாங்காமல் மடங்கலாம். ஆகவே இதை டிங்கரிங் வேலையின் ஒரு பகுதியாக எண்ணாமல், உயிர் சம்பந்தப்பட்ட வேலையாகவே கருதித் தொடங்க வேண்டும். தகட்டின் முழுக் கனத்துக்கும் ஊடுருவும்படி வெல்டிங் செய்யப் பழகாதவர், துருவைச் சுத்தம் செய்வது, தகடு வெட்டிப் பொருத்துவது வரையிலான வேலையைத் தாமே செய்துவிட்டு, வெல்டிங்கைத் தேர்ந்த ஒருவரிடம் ஒப்படைப்பதே முறை.

முதலில் வண்டியின் கட்டமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜீப், பிக்கப் போன்றவற்றிலும் பழைய பெரிய கார்கள் பலவற்றிலும் ஏணி வடிவில் தனிச் சேஸிஸ் இருக்கும். பாடி அதன்மேல் ரப்பர் வைத்து போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் தனிச் சேஸிஸ் கிடையாது. தொப்பி வடிவில் மடித்த தகட்டைத் தரைத் தகட்டின் அடியில் ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தல்) செய்து, அதையே பெட்டிச் சட்டமாக்கியிருப்பார்கள். முதல் வகையில் இரும்பு பொதுவாக 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் கனமாக இருக்கும். இரண்டாம் வகையில் அதைவிட மெல்லியது. அண்மைக் கால வண்டிகளில் பயன்படும் உயர்வலிமை எஃகு, வெல்டிங் சூட்டில் தன் வலிமையை இழந்துவிடக்கூடியது என்பதால் அவற்றுக்குத் தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும் முறையே செல்லும். இங்கே விவரிப்பது சாதாரண மென் எஃகால் ஆன பழைய வண்டிகளுக்கு மட்டும்.

பெட்டிச் சட்டம் பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கிறது. சக்கரம் வாரியடிக்கும் சேறு, துளைகள் வழியாக உள்ளே போய்த் தங்குகிறது. வடிகால் துளை அடைபட்டதும் அந்தச் சேறு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெளியே பெயின்ட் பளிச்சென்று இருக்கும்போதே, கரையான் அரித்த உத்தரம்போல உள்ளே வெறும் தோடுதான் மிஞ்சியிருக்கும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் ஓரங்கள் இன்னும் மோசமானவை. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், நடுவில் புகுந்த துரு தகடுகளை விரித்துத் தள்ளி, ஸ்பாட் வெல்டிங்கையே பிய்த்துவிடும்.

எனவே கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் தார்ப்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, சிறிய சுத்தியலால் சட்டத்தின் ஒரு முனையிலிருந்து விரல்கடை தூரத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் சொத்தென்று அடங்கும், கூடவே உள்ளே செதில்கள் உதிர்ந்து கலகலப்பதும் காதில் விழும். ஒலி மாறிய இடத்தில் கூர்மையான குத்தூசியை அழுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். துளை வழியாக உள்ளே செலுத்தும் சிறு கேமராவும், மீயொலியால் தகட்டின் கனத்தைக் காட்டும் கருவியும் கிடைத்தால் ஐயமே இருக்காது. பின் அச்சுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், ஸ்பிரிங் தாங்கிகள், பாடி அமரும் இடங்கள், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், முன் சக்கரத்துக்குப் பின்னுள்ள பகுதி, பேட்டரித் தட்டின் அடிப்பகுதி ஆகியவற்றைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். சட்டத்தின் நான்கு பக்கங்களும் நெடுந்தூரம் அரித்திருந்தாலோ, சட்டம் ஏற்கெனவே மடங்கியிருந்தாலோ, ஸ்டீயரிங் பெட்டி அமரும் இடம் உருக்குலைந்திருந்தாலோ ஒட்டுப் போடுவதில் பயனில்லை. அப்போது சட்டத்தையே மாற்ற வேண்டும்.

வெல்டிங்குக்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடுகளில் தீ பற்றிய எச்சரிக்கையே முதன்மையானது. பெட்ரோல் டேங்கையும் அருகில் ஓடும் பெட்ரோல், பிரேக் குழாய்களையும் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும்; மறைத்து வைத்தால் போதாது. சட்டத்துக்கு நேர்மேலே உள்ள கார்பெட், சீட், ஒலித்தடுப்பு அட்டை, வயர்கள் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். பேட்டரியின் இணைப்பையும் ஆல்டர்னேட்டரின் இணைப்பையும் கழற்ற வேண்டும். தீயணைப்பானும் ஒரு வாளித் தண்ணீரும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒருவர் வெல்டிங் செய்யும்போது மற்றொருவர் வண்டியின் உட்புறத்தைக் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது. பெட்டிச் சட்டத்தின் உள்ளே இருக்கும் பழைய மெழுகும் தாரும் புகைந்து, வேலை முடிந்து வெகுநேரம் கழித்தும் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால் உடனே பட்டறையைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைத்துவிட்டு வெல்டிங் செய்வதை எந்நாளும் செய்யக் கூடாது. வெல்டிங் மின்வில்லின் வெப்பத்திலும் புறஊதாக் கதிரிலும் அது பாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சு வாயுவாக மாறுகிறது. ஜிங்க் பூசிய தகட்டின் புகையும் காய்ச்சலைத் தரும் என்பதால், அந்தப் பூச்சை முன்கூட்டியே தேய்த்து எடுக்க வேண்டும்.

அடுத்தது தாங்கல். ஒரு சட்டத்தை வெட்டியவுடன் வண்டி தன் எடையாலேயே தொய்யத் தொடங்கும். அந்தத் தொய்வோடு வெல்டிங் செய்துவிட்டால் கோணல் நிரந்தரமாகிவிடும். சமதளமான கெட்டித் தரையில், உறுதியான ஸ்டாண்டுகள் மீது வண்டியை மட்டமாக நிறுத்தி, வெட்டப்போகும் இடத்துக்கு இருபுறமும் தனித்தனியாக முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. தனிச் சேஸிஸ் இல்லாத மோனோகாக் வண்டியானால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து நிறுத்தலாம். பிறகு இரண்டு சட்டங்களிலும் ஒத்த துளைகளைத் தேர்ந்து, மூலைக்கு மூலை அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கதவு இடுக்குகளின் அளவையும் குறித்துக்கொள்வது உதவும். அரித்திருப்பது இரண்டு சட்டங்களும் என்றால், ஒன்றை முழுவதும் முடித்த பிறகே மற்றதைத் தொட வேண்டும்.

இனி வெட்டுதல். வேலையின் தரத்தைத் தீர்மானிப்பது இந்தக் கட்டந்தான் என்பது என் உறுதியான கருத்து. ஒட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது பற்றிக்கொள்ளும் பழைய இரும்பு நலிந்திருந்தால் ஒட்டின் ஓரத்திலேயே சட்டம் விட்டுப்போகும். துளையின் விளிம்போடு நிறுத்தாமல், தகடு தன் முழுக் கனத்தோடும் வெள்ளைப் பளபளப்போடும் தென்படும் வரை கிரைண்டரால் வெட்டி, அதற்கு மேலும் 25 முதல் 50 மி.மீ. வரை எடுத்துவிட வேண்டும். சட்டத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒரே நேர்க்கோட்டில் வெட்டக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் வெட்டையும் சற்று முன்பின்னாகத் தள்ளி அமைத்தாலோ, சாய்வாக வெட்டினாலோ, விசை முழுவதும் ஒரே வளையத்தில் குவியாது. வெட்டிய வாயின் வழியே உள்ளே கிடக்கும் சேற்றையும் செதிலையும் சுரண்டி, காற்றால் ஊதி வெளியேற்ற வேண்டும்.

புதிய தகடு, பழைய தகட்டின் மூலக் கனத்திலேயே, மென் எஃகாக இருக்க வேண்டும். கனத்தைக் கூட்டினால் வலிமை கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள்; ஆனால் மிகக் கனமான ஒட்டு தான் வளையாமல் நின்று, வளைவு முழுவதையும் தன் விளிம்பில் உள்ள பழைய தகட்டின்மீது சுமத்துகிறது. அட்டையில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிறகு தகட்டில் வரைந்து வெட்டி மடிக்க வேண்டும். மூலைகளைக் கூராக விடாமல் வட்டமாக்க வேண்டும். கூரான மூலை விரிசலின் தொடக்கம். முழு நீளமாக ஒரு துண்டைப் புதிதாக வைக்கும்போது, சட்டத்தின் உள்ளளவுக்குப் பொருந்தும் உறை ஒன்றை உள்ளே செருகி, இருபுறமும் துளையிட்டு, அந்தத் துளைகளை உருகிய உலோகத்தால் நிரப்பும் பிளக் வெல்டிங் செய்து, நடு இணைப்பையும் சேர்த்து வெல்டிங் செய்தால் இணைப்பு உறுதியாகும்.

இந்தக் கனத்துக்கு, வாயுவின் காப்பில் கம்பியைத் தொடர்ந்து ஊட்டி உருக்கும் மிக் வெல்டிங்கும், 0.8 மி.மீ. கம்பியும், கார்பன் டை ஆக்சைடு கலந்த ஆர்கான் வாயுவும் ஏற்றவை. எர்த் கிளாம்ப் வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே சுத்தமான இரும்பில் பிடித்திருக்க வேண்டும். முதலில் சிறு புள்ளிகளாகப் பற்றவைத்துவிட்டு, குறித்துவைத்த அளவுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும். அவை ஒத்துவந்த பிறகே, ஒரே இடத்தில் சூடு குவியாதபடி இங்கொன்றும் எதிர்ப்பக்கம் ஒன்றுமாக, விரல்கடை நீளத் துண்டுகளாக வெல்டிங்கைப் போட்டு முழுமையாக்க வேண்டும். உருகும் குழம்பு திடீரென்று சிதறிப் பொரிந்தாலோ, தகடு ஓட்டை விழுந்து விலகினாலோ, அங்கே இன்னும் துரு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். கரண்டைக் குறைத்து ஓட்டையை நிரப்ப முயலாமல், மீண்டும் நல்ல இரும்பு வரை வெட்ட வேண்டும். பார்வைக்காக வெல்டிங்கை முழுவதும் தேய்த்து மட்டமாக்கினால் தகடு மெலியும். சுமை தாங்கும் இடத்தில் அது வேண்டாம். சட்டத்துத் துளையைப் பட்டி வைத்தும் ஃபைபர் துணி ஒட்டியும் மூடிப் பெயின்ட் அடிப்பதோ, அந்த வண்டியை வாங்கி ஓட்டப்போகும் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம்.

துரு மாற்றி என்ற பெயரில் விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல், மேற்பரப்பில் படர்ந்த துருவுக்குத்தான் உதவும். இழந்த கனத்தை அது திருப்பித் தராது. வெல்டிங் முடிந்ததும் கசடு நீக்கி, எபாக்ஸி பிரைமர் அடித்து, தகடுகள் சேரும் ஓரங்களில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர் பூசி, அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் உட்புறப் பூச்சும் எரிந்திருக்கும் என்பதால், பெயின்ட் நன்றாகக் காய்ந்தபின் நீண்ட குழாய் முனையுடன் சட்டத்தின் உள்ளே மெழுகைத் தெளிக்க வேண்டும். அது எல்லா மடிப்புகளிலும் ஊறி, வடிகால் துளை வழியாகச் சொட்டும் வரை தெளிப்பதே அளவு. பின்னர் அந்தத் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும்.

பிரேக், பெட்ரோல் குழாய்களைத் திரும்பப் பொருத்திக் கசிவு பார்த்து, சக்கர அலைன்மென்ட்டைச் சரிபார்த்த பிறகு, வண்டியை முதலில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். சில வாரங்கள் ஓடிய பிறகு மீண்டும் அடியில் படுத்து, ஒவ்வொரு ஒட்டின் முனையிலும் பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தென்படுகிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். கோடு தென்பட்டால் அதன் அடியில் உலோகமும் விரிசல் விட்டிருக்கக்கூடும் என்பதால், அந்த இடத்தைத் தேய்த்துப் பார்க்காமல் வண்டியைத் திரும்ப எடுக்கக் கூடாது.