எச்-1பி வேலைக்குக் கையெழுத்திடும் முன் எல்.சி.ஏ. தாளைப் படிப்பது எப்படி

அமெரிக்காவில் சிறப்புத் திறன் வேலைக்கு வெளிநாட்டாருக்குத் தரும் எச்-1பி விசாவில் வேலை கிடைத்துவிட்டது என்று அழைக்கும் பிள்ளைகளிடம் முதலில் எல்.சி.ஏ. நகலை அனுப்பச் சொல்வேன். பாதிப் பேருக்கு அப்படியொரு தாள் இருப்பதே தெரியாது. எல்லாவற்றையும் நிறுவனத்தின் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் இந்த விசாவில் வந்தவள். டல்லாஸை ஒட்டிய இர்விங்கில் மென்பொருள் சோதனை வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். வெளிநாட்டார் வந்து எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று ஒரு தரப்பும், இங்கே போதிய ஆள் இல்லை என்று மறு தரப்பும் மோதிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் விஷயத்தில் எந்தத் தரப்பு சொல்வது உண்மை என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.

எல்.சி.ஏ. (Labor Condition Application) என்பது உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அமெரிக்கத் தொழிலாளர் துறைக்குக் கொடுக்கும் உறுதிமொழி. ஈ.டி.ஏ. 9035 என்ற படிவம். இது ஏற்கப்பட்ட பிறகுதான் குடியேற்றத் துறைக்கு விசா மனு போகும். அதில் நிறுவனம் சொல்வது இது: இதே வேலையைச் செய்யும் என் ஊழியர்களுக்குக் கொடுக்கும் சம்பளம், அந்தப் பகுதியில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுப்பேன். உங்களை எடுப்பதால் மற்றவர்களின் பணிச்சூழல் கெடாது. இங்கே வேலைநிறுத்தமோ கதவடைப்போ இல்லை. ஊழியர்களுக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டேன். நிறுவனம் கையெழுத்திட்டுத் தரும் வாக்கு இவ்வளவுதான்.

தொழிலாளர் துறை இதை ஏழு வேலை நாட்களுக்குள் ஏற்றாக வேண்டும். படிவம் முழுமையாக இருக்கிறதா, வெளிப்படையான தவறு ஏதும் உண்டா என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். சொன்ன சம்பளம் நியாயமானதா என்று யாரும் அலுவலகத்துக்கு வந்து விசாரிப்பதில்லை. பெரும்பாலும் புகார் வந்த பிறகே விசாரணை. ஆகவே அதைப் படிக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது.

நிறுவனம் நகலைத் தர மறுத்தால்

நீங்கள் வேலையில் சேரும் நாளுக்குள் எல்.சி.ஏ. நகலை உங்களிடம் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அதற்கு முன்பே கேளுங்கள். நேர்மையான நிறுவனம் தயங்காது. இழுத்தடித்தால் வேறு வழி இருக்கிறது. எல்.சி.ஏ. தாக்கல் செய்த மறு வேலைநாளிலிருந்து நிறுவனம் ஒரு பொதுக் கோப்பை வைத்திருக்க வேண்டும். யார் கேட்டாலும் காட்ட வேண்டும். உங்கள் பக்கத்து மேசையில் இருக்கும் அமெரிக்கர் கேட்டாலும்தான். சம்பளம் எவ்வளவு, அதை எப்படி முடிவு செய்தார்கள், நிலவும் சம்பளத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதுபோக, தொழிலாளர் துறை எல்லா எல்.சி.ஏ. விவரங்களையும் காலாண்டுக்கு ஒருமுறை பெரிய அட்டவணையாக வெளியிடுகிறது. நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், உங்களைப் போன்றவர்களுக்கு அவர்கள் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது தொழில் எண்

ஒவ்வொரு தொழிலுக்கும் அமெரிக்க அரசு ஓர் எண் கொடுத்திருக்கிறது. மென்பொருள் உருவாக்குநருக்கு 15-1252, கணினி நிரலருக்கு 15-1251, கணினி அமைப்பு ஆய்வாளருக்கு 15-1211. வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். சம்பளத்தில் பெரிய இடைவெளி உண்டு. 2024 மே மாதக் கணக்கின்படி அமெரிக்காவில் மென்பொருள் உருவாக்குநரின் நடுநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்குவது) ஆண்டுக்கு 1,33,080 டாலர், நிரலருக்கு 98,670. செய்யப்போவது உருவாக்குநர் வேலை, தாளில் இருப்பது நிரலர் எண் என்றால் காரணம் கேளுங்கள்.

அடுத்து சம்பள நிலை. என் அனுபவத்தில் பெரும்பாலான ஏமாற்று நடப்பது இங்கேதான். நிலைகள் நான்கு. ஒரு பகுதியில் ஒரே தொழில் செய்யும் நூறு பேரைக் குறைந்த சம்பளத்திலிருந்து வரிசையாக நிறுத்தினால், முதல் நிலை ஏறத்தாழ 17-வது ஆளின் சம்பளம். இரண்டாம் நிலை 34-வது ஆளுடையது, மூன்றாம் நிலை 50, நான்காம் நிலை 67. அதாவது முதல் இரண்டு நிலைகளும் அந்த ஊரின் நடுநிலைச் சம்பளத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. சட்டமும் அதை அனுமதிக்கிறது. 2019-இல் ஏற்கப்பட்ட எச்-1பி பணியிடங்களில் 60 விழுக்காடு இந்த இரண்டு நிலைகளில் இருந்தவை என்று பொருளாதாரக் கொள்கை நிறுவனம் என்ற ஆய்வு அமைப்பின் டேனியல் கோஸ்டாவும் ரான் ஹீராவும் 2020-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

நிலை என்பது உங்கள் அனுபவத்தை வைத்து முடிவாவதில்லை. அந்த வேலை என்ன கேட்கிறது என்பதை வைத்தே முடிவாகிறது. ஆகவே வேலை விவரத்தாளை எல்.சி.ஏ.வுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எட்டு ஆண்டு அனுபவம் வேண்டும், குழுவை வழிநடத்த வேண்டும் என்று ஒரு தாளும், முதல் நிலை என்று மறு தாளும் சொன்னால் இரண்டில் ஒன்று பொய்.

மூன்றாவது, பணியிட முகவரி. நிலவும் சம்பளம் ஊருக்கு ஊர் மாறும். சம்பளம் குறைந்த ஊரின் முகவரியைக் காட்டிவிட்டு, சம்பளம் அதிகமான சான் ஹோசேயில் வேலை வாங்கக் கூடாது. வேறொரு நிறுவனத்தில் உங்களை அமர்த்தப் போகிறார்களா என்ற கேள்வியும் படிவத்தில் உண்டு. ஆம் என்றால் அந்த நிறுவனத்தின் பெயரும் இருக்க வேண்டும். பிறகு வேறு பெருநகரப் பகுதிக்கு மாற்றினால் புதிய எல்.சி.ஏ.வும் திருத்திய மனுவும் தேவை.

இந்த மூன்று விவரங்களையும் தொழிலாளர் துறையின் 'ஃப்ளாக்' இணையதளத்தில் சம்பளத் தேடல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். தொழில் எண்ணையும் ஊரையும் கொடுத்தால் நான்கு நிலைகளுக்கும் சம்பளம் வரும். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று புதிய அட்டவணை வருவதால் ஆண்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

எச் பிரிவைத் தாண்டிப் போகாதீர்கள்

படிவத்தின் எச் பிரிவில், இந்த நிறுவனம் எச்-1பி ஊழியர்களை நம்பி நடப்பதா என்று ஒரு கேள்வி இருக்கும். 51 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் 15 விழுக்காடோ அதற்கு மேலோ எச்-1பி ஊழியர்கள் என்றால் பதில் ஆம். அத்தகைய நிறுவனம் முதலில் அமெரிக்கர்களைத் தேடியதாகவும், யாரையும் வெளியேற்றி அந்த இடத்தில் உங்களை வைக்கவில்லை என்றும் கூடுதலாக உறுதி தர வேண்டும். ஆண்டுக்கு 60,000 டாலர் கொடுத்தாலோ, நீங்கள் தொடர்புடைய துறையில் முதுநிலைப் பட்டம் பெற்றவர் என்றாலோ இந்த உறுதிமொழி தேவையில்லை. 60,000 என்பது 1998-இல் வைத்த தொகை. இன்றுவரை அதை உயர்த்தவில்லை. டல்லாஸில் இன்று அந்தச் சம்பளத்துக்கு அனுபவமுள்ள பொறியாளர் யார் கிடைப்பார்?

இந்த ஓட்டை என்ன செய்யும் என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். என் பழைய அலுவலகத்தில் எனக்குச் சோதனைக் கருவிகளைச் சொல்லிக்கொடுத்த ஓர் அமெரிக்கப் பெண்மணியை, அவருடைய வேலையை ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வெளியேறச் சொன்னார்கள். கற்றுக்கொடுத்தால்தான் பணிநீக்கத் தொகை என்று கையெழுத்தும் வாங்கினார்கள். அவர் ஐம்பதைத் தாண்டியவர். வந்தவர்களில் இருவர் தமிழர்கள், நல்ல உழைப்பாளிகள். பிறகு அவர்கள் எல்.சி.ஏ.வைக் காட்டியபோது இருவருக்கும் முதல் நிலை என்று எழுதியிருந்தது. அந்த அம்மாவுக்கு வேலை போனது. அவருடைய அனுபவத்துக்குக் கொடுத்த சம்பளம் இந்தப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரவில்லை. ஆர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனம் இதேபோல் சுமார் 250 பேரை நீக்கியபோது, லியோ பெரேரோ என்ற ஊழியர் 2016-இல் செனட் விசாரணைக்கு முன் வந்து கண்கலங்கப் பேசினார். அவர் கோபம் நம்மேல் என்று எடுத்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அதற்காக, எச்-1பி வந்தாலே உள்ளூர் வேலை போகும் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். பொருளாதார அறிஞர் ஜியோவானி பேரியும் அவருடைய சகாக்களும் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து, வெளிநாட்டு அறிவியல், தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்த இடங்களில் உள்ளூர்ப் பட்டதாரிகளின் சம்பளமும் உயர்ந்ததாகக் கண்டார்கள். பவுண்ட், கன்னா, மொராலஸ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் 1994 முதல் 2001 வரையான கணினித் துறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டார் வருகை 1994 அளவிலேயே நின்றிருந்தால் 2001-இல் அத்துறைச் சம்பளம் 2.6 முதல் 5.1 விழுக்காடு வரை அதிகமாக இருந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஊருக்கு நன்மை, அதே நாற்காலியில் இருப்பவருக்கு இழப்பு என்ற இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். உங்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்தால் அந்த இழப்பு குறையும்.

2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் அறிவித்த 1,00,000 டாலர் கட்டணம், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய மனுக்களைக் குறிவைத்தது. குறைந்த நிலையில் ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் சம்பளத்தை அது ஒரு டாலர்கூட உயர்த்தாது. ஆண்டுதோறும் எச்-1பி விசாவின் 85,000 இடங்களுக்கு நடக்கும் குலுக்கலில் உயர்ந்த சம்பள நிலைக்குக் கூடுதல் வாய்ப்புத் தரும் புதிய விதி எனக்கு அதைவிட நியாயமாகப் படுகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குலுக்கலுக்காகக் காட்டிய சம்பளம்தான் உங்கள் வேலைக் கடிதத்திலும் மாதச் சம்பளச் சீட்டிலும் இருக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு

வாடிக்கையாளர் கிடைக்கவில்லை என்று நிறுவனம் உங்களை வேலை தராமல் பெஞ்சில் உட்கார வைத்தாலும் எல்.சி.ஏ.வில் சொன்ன சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். மனுவுக்கான வக்கீல் செலவும் பயிற்சி நிதிக் கட்டணமும் நிறுவனத்தின் செலவு. பிடித்தம் செய்தால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முன்கூட்டி விலகினால் அபராதம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள். வேலை போனால் 60 நாட்கள் வரை இங்கே இருந்து வேறு நிறுவனம் தேடலாம்.

எல்.சி.ஏ. நகல், வேலை விவரத்தாள், சம்பளச் சீட்டுகள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் அலுவலகக் கணினியில் விடாமல் உங்கள் சொந்தக் கணக்கில் வையுங்கள். சம்பளம் குறைந்தால் தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவுக்கு டபிள்யூ.எச்.-4 படிவத்தில் புகார் தரலாம். மீறல் நடந்து 12 மாதங்களுக்குள் தர வேண்டும். புகார் கொடுத்ததற்காக நிறுவனம் பழிவாங்குவதைச் சட்டம் தடை செய்கிறது. உங்களால் வேலை இழந்த அமெரிக்கரும் இதே படிவத்தைப் பயன்படுத்தலாம். அவர் கேட்டால் எடுத்துக் கொடுங்கள்.