ஸ்னீக்கர்ல ரெனைசான்ஸ் ஓவியம்: மைக்கேலேஞ்சலோவோட ரெண்டு கையில இருந்து ஆரம்பிக்கலாம்

ரெனைசான்ஸ்னா 15, 16ம் நூற்றாண்டு இத்தாலியில செழிச்ச கலைக் காலம். மொதல் தடவ பண்றவங்க முழுப் படத்தையும் ஷூக்குள்ள அடக்கப் பாப்பாங்க. நானும் அப்படித்தான் போத்திசெல்லிங்கிற இத்தாலிய ஓவியரோட வீனஸ் தேவதைய வரைஞ்சேன், மொகம் சரியா விரல் மடங்குற எடத்துல வந்துடுச்சு, நாலு தடவ போட்டு நடந்ததும் பெயின்ட் வெடிச்சுப் போச்சு. அதனால ஒரு துண்டு மட்டும் எடுங்க, அதையும் மடங்காத குதிகால் பக்கத்துல வைங்க.

நான் சொல்றது வாடிகன்ல இருக்கிற சிஸ்டைன் சேப்பல் தேவாலயக் கூரையில, கடவுள் ஆதாமுக்கு உயிர் குடுக்கிற மாதிரி மைக்கேலேஞ்சலோ வரைஞ்ச படத்துல வர்ற அந்த ரெண்டு கை. எடது ஷூவோட வெளிப்பக்கத்துல ஆதாம் கை, வலது ஷூவோட வெளிப்பக்கத்துல கடவுள் கை, ரெண்டுமே பின்னாடி பாத்து நீளணும். ஷூவ கழட்டி குதிகாலோட குதிகால் சேத்து வச்சுப் பாருங்க, விரல் ரெண்டும் தொடுற மாதிரி வந்து தொடாம நிக்கும், அவ்ளோ அழகா இருக்கும்!

வழவழப்பான வெள்ளை லெதர் ஷூதான் இதுக்கு சரி. லேஸ உருவிட்டு, சோலுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு, பஞ்சுல அசிட்டோன் தொட்டு பளபளப்பு போற வரைக்கும் தேய்ங்க. ஜன்னல தொறந்து வச்சு, கிளவுஸ் போட்டுக்கங்க.

அடுத்து படத்த மாத்துறது. கார்பன் பேப்பரும் ஓகேதான், ஆனா எனக்குப் பிடிச்சது ஸ்போல்வெரோ. படத்தோட கோடு மேல ஊசியால வரிசையா ஓட்ட போட்டு, ஷூ மேல ஒட்டி, துணியில கட்டின கரித்தூள தட்டினா புள்ளி புள்ளியா படம் எறங்கிடும். 1508ல இருந்து 1512 வரைக்கும் அந்தக் கூரைய வரைஞ்சப்ப மைக்கேலேஞ்சலோவும் இத பண்ணிருக்கார்.

இப்ப தோல் கலர், இங்கதான் அவசரப்படாம ஒக்காரணும். நேரா பிங்க்க அடிச்சா பொம்மை கை மாதிரி ஆயிடும். மொதல்ல கை முழுக்க மங்கலான பச்சை அடிங்க, இத்தாலிய ஓவியர்கள் டெம்பராவுல, அதாவது முட்டை மஞ்சக்கரு கலந்த பெயின்ட்ல, தோலுக்கு இப்படித்தான் அடிப்பூச்சு போட்டாங்க. லண்டன் நேஷனல் கேலரியில இருக்கிற மான்செஸ்டர் மடோனா, மைக்கேலேஞ்சலோ முடிக்காம விட்ட மேரி மாதா படம், அதுல எடது ஓரத்து தேவதைங்க தோல்ல அந்தப் பச்சை அப்படியே தெரியும். அது காஞ்சதும் வெள்ளை, மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), துளி செவப்பு கலந்து, தண்ணி மாதிரி மெல்லிசா, வெளிச்சம் படுற எடத்துல மட்டும் ஏத்திக்கிட்டே போங்க, நெழல் வர்ற எடத்துல பச்சைய லேசா எட்டிப் பாக்க விடுங்க, கைக்கு ரத்தம் ஓடுற மாதிரி உயிர் வந்துடும். லெதர் அக்ரிலிக்தான் வாங்கணும், சாதா அக்ரிலிக் வளையாது. ஒவ்வொரு பூச்சும் நல்லா காயட்டும், நாலஞ்சு பூச்சு ஆகும். தடிமனா ஒரே பூச்சுல முடிச்சா கண்டிப்பா உரியும்.

வெரல் நுனி, நகம் இதெல்லாம் கடைசியா பூஜ்ஜியம் நம்பர் பிரஷ்ல. ஓரக் கோட்ட கருப்புல போடாதீங்க, அடர் பிரவுன் போதும்.

முடிஞ்சதும் ஹேர் டிரையர கொஞ்சம் தள்ளிப் புடிச்சு சூடு காட்டி, மேட் ஃபினிஷர் (பளபளக்காத மேல் பூச்சு) மெல்லிசா ரெண்டு பூச்சு குடுங்க. பளபளன்னு இருக்கிறத போட்டா சுவரோவியம் மாதிரி இருக்காது. ஒரு நாள் முழுசா காய விட்டு, டேப்ப மெதுவா உரிச்சுட்டு, லேஸ கோத்துடுங்க.