லினக்ஸில் ஒரே மென்பொருளின் பல பதிப்புகளை எங்கே நிறுவுவது?

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04 தன்னுடன் பைத்தான் நிரல்மொழியின் 3.10 பதிப்பைக் கொண்டுவருகிறது, உங்கள் வேலைக்கோ 3.12 தேவைப்படுகிறது. புதியதை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து, /யூஎஸ்ஆர்/பின் அடைவில் உள்ள பைத்தான்3 என்ற இணைப்பை அதன் பக்கம் திருப்பிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டெர்மினலைத் திறக்கும் நிரலும், மென்பொருள்களை நிறுவிப் பராமரிக்கும் பேக்கேஜ் மேனேஜரான ஏபிடிக்குக் களஞ்சியங்களைச் சேர்க்கும் கருவியும் 3.10க்கென்றே கம்பைல் செய்யப்பட்ட துணை நிரல்தொகுதிகளான மாட்யூல்களை நம்பியிருப்பவை. இணைப்பு மாறிய கணமே அவை செயலிழக்கக்கூடும்.

யாருக்கு எந்த அடைவு உரியது என்பதைக் கோப்பு முறைமை அடுக்கமைப்புத் தரம் தெளிவாகவே சொல்கிறது, அதன் 3.0 பதிப்பு 2015இல் வெளியானது. /யூஎஸ்ஆர் என்பது பேக்கேஜ் மேனேஜரின் ஆட்சிக்கு உட்பட்டது; /யூஎஸ்ஆர்/லோக்கல், கணினியின் நிர்வாகி தாமாக நிறுவுபவற்றுக்கானது; /ஆப்ட், ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடைவுக்குள் அடங்கிய கூடுதல் மென்பொருள்களுக்கானது.

கூடுதலாக ஒரே ஒரு பதிப்பு போதுமென்றால் /யூஎஸ்ஆர்/லோக்கலே போதும். பைத்தானைப் பொறுத்தவரை அங்கே 'மேக் இன்ஸ்டால்' என்பதற்குப் பதிலாக 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' என்று கொடுக்க வேண்டும், அப்போது பைத்தான்3.12 என்ற பெயரில் மட்டும் நிரல் நிறுவப்படும், பைத்தான்3 என்ற பொதுப்பெயர் தொடப்படாது. ஆனால் இரண்டு மூன்று பதிப்புகள் சேர்ந்து வாழ வேண்டுமென்றால் நான் /ஆப்ட்டையே பரிந்துரைப்பேன். /யூஎஸ்ஆர்/லோக்கலில் எல்லாவற்றின் கோப்புகளும் ஒரே பின், லிப், ஷேர் அடைவுகளில் கலந்துவிடுவதால், பிறகு எந்தக் கோப்பு எந்தப் பதிப்பினுடையது என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு. கம்பைலுக்கு முன் இயக்கும் கன்ஃபிகர் கட்டளையில் ப்ரிஃபிக்ஸாக, அதாவது நிறுவ வேண்டிய இடமாக, /ஆப்ட்/பைத்தான்-3.12 என்று கொடுத்துக் கம்பைல் செய்தால் முழு மென்பொருளும் அந்த ஓர் அடைவுக்குள் அடங்கிவிடும். வேண்டாதபோது அந்த அடைவை நீக்கினால் போதும். லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் மாட்யூல்களும் /லிப்/மாட்யூல்ஸ் என்பதன் கீழ், பதிப்பு எண்ணையே பெயராகக் கொண்ட தனித்தனி அடைவுகளில்தான் இருக்கின்றன. அதனால்தான் புதிய கர்னல் ஒத்துவராதபோது பழையதைத் தேர்ந்து கணினியைத் தொடங்க முடிகிறது.

நிறுவிய பதிப்பை அழைப்பதற்கு, /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடைவில் அதைச் சுட்டும், பதிப்பு எண்ணுடன் கூடிய சிம்லிங்க் (இணைப்பு) ஒன்றை உருவாக்குங்கள். எண் இல்லாத பெயரைத் தவிர்ப்பது நல்லது. கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளை வரிசைப்படுத்தும் பாத் மாறியில் அந்த அடைவு வழக்கமாக /யூஎஸ்ஆர்/பின்னுக்கு முன்னால் வருவதால், பைத்தான்3 என்று அங்கே வைப்பது கணினியின் பைத்தானை மறைத்துவிடும்.

நிரல்களைவிட, அவை பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரிகளில்தான் மிகுந்த கவனம் தேவை. குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3.0க்கும் 3.2க்கும் லைப்ரரிக் கோப்பின் பெயர் ஒன்றே. 3.2ஐ /ஆப்ட்டில் நிறுவி, லைப்ரரிகளைத் தேட வேண்டிய இடங்களைக் குறிக்கும் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவில் அதன் லிப் அடைவைப் பதிந்து, அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் எல்டிகான்ஃபிக் கட்டளையை இயக்கினால், அதுவரை கணினியின் லைப்ரரியைப் பயன்படுத்திவந்த மற்ற நிரல்களும் உங்களுடையதை ஏற்றிக்கொள்ளக்கூடும். அதற்குப் பதிலாக, தேவைப்படும் நிரலை மட்டும் கம்பைல் செய்யும்போது நிரலை லைப்ரரிகளுடன் இணைக்கும் லிங்கருக்கு ஆர்பாத் (நிரலுக்குள்ளேயே பதியும் லைப்ரரித் தேடல் பாதை) வழியாக அந்த அடைவைச் சொல்லுங்கள். பிறகு எந்த லைப்ரரி உண்மையில் ஏற்றப்படுகிறது என்பதை எல்டிடி கட்டளையால் சரிபாருங்கள். ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியை மட்டும் ஒருபோதும் மாற்றி எழுத வேண்டாம்: அது கெட்டால், பிழையைத் திருத்தத் தேவையான எல்எஸ், சிபி போன்ற அடிப்படைக் கட்டளைகளே ஓடாது. புதிய ஜிலிப்சி கட்டாயமென்றால் தனக்கென லைப்ரரிகளைக் கொண்ட தனித்த சூழலான கன்டெய்னரை நாடுவதே சரி.

தரவையும் அமைப்புக் கோப்புகளையும்கூடப் பதிப்புவாரியாகப் பிரிக்க வேண்டும். டெபியன் லினக்ஸில் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 15இன் நிரல்கள் /யூஎஸ்ஆர்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/15 அடைவிலும், தரவு /வார்/லிப்பின் கீழும், அமைப்புகள் /இடிசியின் கீழும் அதே 15 என்ற எண்ணைத் தாங்கிய அடைவுகளில் இருக்கின்றன. முதன்மைப் பதிப்பு மாறும்போது தரவு வடிவமும் மாறக்கூடுமாதலால், பழைய தரவு அடைவைப் புதிய பதிப்பு திறக்க மறுக்கும். பேக்கேஜ் மேனேஜரே இப்படிப் பல பதிப்புகளைத் தருமானால் கம்பைல் செய்யவே தேவையில்லை.

ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாதவர்கள் தங்கள் ஹோம் அடைவில் உள்ள .லோக்கலை ப்ரிஃபிக்ஸாகக் கொடுக்கலாம். ஆனால் கணினி தொடங்கும்போதே இயங்க வேண்டிய சேவைகளை அங்கிருந்து ஓட்டுவது சரியல்ல; அந்தப் பயனர் கணக்கு நீக்கப்படும் நாளில் சேவையும் நின்றுபோகும். அங்கே நிறுவியதைப் பின்னாளில் /ஆப்ட்டுக்கு மாற்ற நேர்ந்தால் அடைவை அப்படியே நகர்த்தாதீர்கள்: பழைய ப்ரிஃபிக்ஸ் பல நிரல்களுக்குள் பதிந்திருக்கும் என்பதால், புதிய இடத்தைக் குறிப்பிட்டு மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும்.