முதுகைக் காக்க இடுப்பு மூட்டிலிருந்து தொடங்குங்கள்: கோல்ஃப் ஆடுவோருக்கான உடற்பயிற்சி

உச்சிக்குப் போன கோல்ஃப் மட்டை இறங்கிப் பந்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ கால் நொடிதான் ஆகிறது. அந்தக் கால் நொடிக்குள் கீழ்முதுகு முறுக்கப்படுகிறது, பக்கவாட்டில் வளைகிறது, உடல் எடையைப் போல் சுமார் 8 மடங்கு அழுத்தத்தையும் தாங்குகிறது. வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக டிரைவரை (மிக நீண்ட தூரம் அடிக்கும் மட்டை) கையில் எடுப்பவருக்கு முதுகு பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் இதில் விலக்கு கிடையாது. டைகர் உட்ஸ் 2014 முதல் 2017 வரை முதுகில் 4 அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட பிறகே கோல்ஃபின் பெரும் போட்டிகளுள் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டத்தை 2019இல் வென்றார்.

வலி முதுகில் இருந்தாலும், அதன் காரணம் பெரும்பாலும் அதற்கு மேலும் கீழும்தான் இருக்கிறது. கீழ்முதுகின் 5 எலும்புகளும் குனியவும் நிமிரவும் ஏற்றவை. பக்கவாட்டில் திரும்புவதற்கு அவற்றில் மிகக் குறைந்த இடமே உண்டு. ஸ்விங்கில், அதாவது மட்டை வீச்சில், நாம் காணும் பெரிய திருப்பம் இடுப்பு மூட்டுகளிலும், விலா எலும்புகள் பொருந்தியுள்ள மேல்முதுகிலும் நிகழ வேண்டியது. அவை இறுகிவிட்டால், அவை செய்யாத வேலை கீழ்முதுகின் தலையில் விழுகிறது. ஆகவே எடை தூக்குவதற்கு முன்னால் இந்த இரண்டு இடங்களையும் சோதித்துப் பார்ப்பதே முறை. (இங்கே சொல்லப்படுபவை வலது கை ஆட்டக்காரருக்கானவை, இடது கைக்காரர்கள் பக்கங்களை மாற்றிக்கொள்ளலாம்.)

முதல் சோதனைக்கு, நாற்காலியில் முழங்கால்களைச் சேர்த்து நிமிர்ந்து அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, இடுப்பை அசைக்காமல் இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 45 பாகை அளவாவது தோள் திரும்ப வேண்டும். இரண்டாவது சோதனைக்கு, பாதம் தரையைத் தொடாத உயரமான மேசையில் அமர்ந்து, தொடையை அசைக்காமல் கணுக்காலை மட்டும் வெளிப்பக்கமாக வீசிப் பாருங்கள். இது இடுப்பு மூட்டு உட்புறமாக எவ்வளவு சுழல்கிறது என்பதைக் காட்டும். பந்தை அடித்து முடிக்கும்போது முழு உடலும் இடது இடுப்பு மூட்டின் மேல்தான் திரும்புகிறது. வலதைவிட இடது வெளிப்படையாகக் குறைந்திருந்தால், உங்கள் பயிற்சி அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இறுக்கத்தைத் தளர்த்த நாள்தோறும் 10 நிமிடம் போதும். பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை இடுப்பு உயரத்துக்கு மடக்கி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலே உள்ள கையைப் புத்தகத்தின் அட்டையைத் திறப்பதுபோல் மறுபக்கம் கொண்டுபோங்கள்; முழங்கால்கள் பிரியக் கூடாது. இடுப்பு மூட்டுக்கு, தரையில் அமர்ந்து இரு முழங்கால்களையும் 90 பாகையில் மடக்கி, கைகளைப் பின்னால் ஊன்றி, கால்களை இடமும் வலமுமாக மெதுவாகச் சாயுங்கள். இடது கால் பின்னால் மடங்கியிருக்கும் நிலையில் சற்று அதிக நேரம் தங்குங்கள். ஒவ்வொன்றையும் பக்கத்துக்கு 8 முதல் 10 முறை செய்யலாம்.

வயிற்றுத் தசைகளைப் பொறுத்தவரை, ஆட்டக்காரர்கள் விரும்பிச் செய்யும் சிட்-அப்களையும், உட்கார்ந்து எடையோடு திரும்பும் பயிற்சிகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே முறுக்கப்படும் முதுகை, வளைந்த நிலையில் மேலும் முறுக்குவதில் என்ன லாபம்? திருப்பத்தை எதிர்த்து நிற்கும் பயிற்சியே பயன் தரும். ரப்பர் பேண்டை மார்பு உயரத்தில் பக்கவாட்டில் கட்டி, இரு கைகளாலும் மார்போடு பிடித்து, உடல் அதன் பக்கம் இழுபடாதவாறு கைகளை நேராக முன்னால் நீட்டி மடக்குங்கள். இத்துடன் சைட் பிளாங்க் (பக்கவாட்டில் ஒரு முழங்கையை ஊன்றி உடலை நேராக உயர்த்தி நிற்பது) சேர்ந்தால் போதுமானது.

வலிமைப் பயிற்சி வாரம் 2 நாள். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஒரு காலை முன்வைத்துச் செய்யும் ஸ்குவாட், எடையை மார்பை நோக்கி இழுக்கும் ரோயிங் ஆகிய மூன்றையும், முறைக்கு 6 முதல் 8 தடவையாக 3 முறை செய்யலாம். பந்து தூரம் போவதற்கான விசை பிட்டத்திலும் தொடையிலும் பிறக்கிறது. கைகள் அதைக் கடத்துகின்றன. 6 முதல் 8 வாரம் வலியின்றிக் கடந்த பிறகே வேகப் பயிற்சிக்குப் போக வேண்டும். 2 அல்லது 3 கிலோ மெடிசின் பாலை (பயிற்சிக்கான கனமான பந்து) ஸ்விங் போன்ற அசைவில் சுவரில் முழு வேகத்தோடு 5 முறை எறிந்து, நன்றாக ஓய்வெடுத்து, மீண்டும் எறியுங்கள். இடது பக்கத்திலிருந்தும் அதே எண்ணிக்கையில் எறிவது முக்கியம், ஏனெனில் ஆட்டம் உடலை எப்போதும் ஒரே திசையில்தான் பழக்குகிறது.

முழங்கையின் உட்புற வலிக்கு, மைதானத்தைவிடப் பயிற்சித் தளத்தின் கடினமான விரிப்பில் கூடை கூடையாகப் பந்தடிப்பதே அடிக்கடி காரணமாகிறது. பந்துகளைக் குறையுங்கள், பிடியைத் தளர்த்துங்கள். உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, 1 கிலோ டம்பெல்லை மணிக்கட்டால் மிக மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியைச் செய்யுங்கள்.

ஆடப்போகும் நாளில், நீண்ட நேரம் அசையாமல் தசையை இழுத்துப் பிடிக்கும் நீட்சிகளை மாலைக்கு ஒத்திவையுங்கள்; ஆட்டத்துக்குச் சற்று முன் செய்தால் அவை மட்டையின் வேகத்தைக் குறைக்கக்கூடும். வேகநடை, கால் வீசல், உடல் திருப்பல் என 10 நிமிடம் செலவிட்டு, குறைந்த தூரத்துக்கான வெட்ஜ் மட்டையில் அரை ஸ்விங்காகத் தொடங்கி, டிரைவரைக் கடைசியாக எடுங்கள். காரிலிருந்து பையைத் தூக்கும்போதே முதுகைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு என்பதால், அதையும் முழங்காலை மடக்கியே தூக்குங்கள்.

வலி காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரை அடக்குவதில் சிரமம் ஏற்பட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குணமான பின் முதலில் பட்டிங் (பந்தைக் குழியை நோக்கித் தரையில் உருட்டுவது), பிறகு சிப்பிங் (பந்தைச் சற்றே எழுப்பி அடிக்கும் சிறு அடி), அதன்பின் அரை ஸ்விங், பிறகு அயர்ன்கள் (உலோகத் தலை கொண்ட நடுத்தூர மட்டைகள்) என ஏறி, ஒவ்வொரு படியிலும் மறுநாள் காலை முதுகு எப்படி இருக்கிறது என்று பார்த்தே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.