ஆங்கிலம் கேட்டுப் பழக ஆறு நிமிடம்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவர்களில் பலர் படித்துப் புரிந்துகொள்வார்கள். ஆனால் காதால் கேட்கும்போது தடுமாறுவார்கள். அவர்களுக்கு பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' ஒலித்தொடரை முதலில் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு பகுதியிலும் இருவர் ஏதேனும் ஒரு பொருள் பற்றி உரையாடுவார்கள். தொடக்கத்தில் ஒரு கேள்வியைக் கேட்டு, விடையை இறுதியில்தான் சொல்வார்கள் என்பதால் கவனம் சிதறாது. இடையில் வந்த புதிய சொற்களையும் தொடர்களையும் முடிவில் பொருளுடன் நினைவூட்டுவார்கள்.

உரையாடலின் எழுத்து வடிவமும் அங்கேயே இருக்கிறது. அதை உடனே திறந்துவிடாமல், முதல் முறை வெறுமனே கேட்டு, இரண்டாம் முறை பிடிபடாத இடங்களைக் குறித்துக்கொண்டு, மூன்றாம் முறை எழுத்தைப் பார்த்தபடி கேட்பதே பலன் தரும். கண் முந்திக்கொண்டால் காது சோம்பிவிடும்.

உச்சரிப்பில் ஐயம் எழுந்தால் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் பிரிட்டிஷ், அமெரிக்க ஒலிப்புகள் இரண்டையும் கேட்கலாம். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம் 'ஃபட்டாக்ரஃபி' என்று மாறும்போது இரண்டாம் அசைக்கு நகர்வதை, எழுத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இலக்கணப் பயிற்சிக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் 'லேர்ன் இங்கிலீஷ்' தளம் போதும். தொடக்க நிலையான ஏ1 முதலாகப் பாடங்கள் நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தங்கள் நிலைக்கு ஒரு படி கீழிருந்தே தொடங்குவது நல்லது.